முடியாத நடைவழி

'பி.டி.' என்பது 2014 ஆகஸ்ட் 12 அன்று பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு இலவசமாக வெளியான உளவியல் திகில் வீடியோ கேம். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ஆடிப் பார்க்கும் முன்னோட்டம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் இவை. வழி தெரிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். '7780எஸ் ஸ்டூடியோ' என்ற, யாரும் கேள்விப்படாத நிறுவனத்தின் பெயரில் இது வந்தது. உண்மையில் அப்படியொரு நிறுவனமே கிடையாது. ஆட்டத்தின் இறுதிக் காட்சியில்தான் குட்டு உடைந்தது: ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் இருந்த ஹிதேயோ கோஜிமாவும் மெக்ஸிகோ திரைப்பட இயக்குநர் கியெர்மோ டெல் தோரோவும் சேர்ந்து எடுக்கவிருந்த 'சைலன்ட் ஹில்ஸ்' என்ற பெரிய ஆட்டத்துக்கான விளம்பரம் இது. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தின் பெயருக்கு 'அமைதியான குன்று' என்று பொருள், அதன் பரப்பு ஏறத்தாழ 7,780 சதுர கிலோமீட்டர் என்று பிறகு கணக்குப் போட்டார்கள் ரசிகர்கள்.

ஆட்டம் நடக்கும் இடம் 'எல்' வடிவில் வளையும் ஒரு நடைவழி. வெறும் சிமெண்டுத் தரையில் கண் விழிப்பவரின் முன்னால் ஒரு கரப்பான்பூச்சி ஊர்கிறது. கதவைத் திறந்தால் சுமாரான வசதியுள்ள ஒரு வீடு: 23:59 காட்டும் கடிகாரம், சுவரில் குடும்பப் படங்கள், வலப்புறம் திரும்பினால் தொலைபேசி, வானொலிப் பெட்டி, குளியலறை, பூட்டிய வாசற்கதவு. கோடியில் உள்ள கதவைத் திறந்து வெளியேறினால் அதே நடைவழியின் தொடக்கத்துக்கே வந்து நிற்கிறோம். கையில் ஆயுதமில்லை, ஓடவும் முடியாது. நடப்பதும் உற்றுப் பார்ப்பதும் மட்டுமே அனுமதி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சற்றே மாறியிருக்கும். ஒரு சுற்றில் விளக்கு ஆடும், இன்னொன்றில் குளியலறைக் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும், பிறிதொன்றில் கூரையிலிருந்து தொங்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து குழந்தை அழும் குரல் வரும். மாறாதது நடைவழிதான்.

கதை பெரும்பாலும் வானொலிச் செய்தியின் வழியே கசிகிறது. ஒரு தகப்பன் துப்பாக்கியால் தன் குடும்பத்தையே சுட்டுக் கொன்றிருக்கிறான். மனைவி கர்ப்பிணி. குளியலறையில் ஒளிந்துகொண்ட மகளை, 'இதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு' என்ற பாவனையில் சொல்லி வெளியே வரவழைத்துச் சுட்டிருக்கிறான். செய்தி வாசிப்பவரின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. நடந்துகொண்டிருப்பவன் யார் என்று ஆட்டம் சொல்வதில்லை. அந்தத் தகப்பன்தான் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது, இல்லை என்பதற்கும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டை விட்டு அவனால் போக முடியவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

கலங்கிய மனத்தைக் காட்ட இந்த ஆட்டம் கையாளும் முதன்மையான உத்தி இந்தச் சுற்றுதான். தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவது இனிமையான காரியம். உளவியலில் அதே அசைபோடுதல் நோயின் கூறு. மனச்சோர்வை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா 1990-களில் இதை விரிவாக விளக்கினார்: துயரத்துக்குத் தீர்வு தேடாமல் அதன் காரணங்களையும் விளைவுகளையும் மட்டும் திரும்பத் திரும்ப எண்ணுவது துயரத்தை நீட்டிக்கும். யோசிப்பவருக்குத் தான் முன்னே போவதாகவே தோன்றும், ஆனால் ஒவ்வொரு கதவும் அதே இடத்தில்தான் திறக்கும். 'பி.டி.' இந்தக் கருத்தை வசனத்தில் வைக்காமல் வீட்டின் அமைப்பிலேயே வைத்துவிட்டது. ஐந்தாவது சுற்றில் ஆடுபவரும் அதே படங்களை, அதே மேசையை, முன்பு பார்க்காத எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருப்பார். அசைபோடும் மனத்தின் வேலையை அவரே செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

ஆட்டத்தில் வரும் பேய்க்கு லிசா என்று பெயர். ஒரு கட்டத்தில் வானொலியே 'பின்னால் பார்' என்று சொல்லும். 2019-இல் லான்ஸ் மெக்டொனால்ட் என்பவர் நிரலைத் துருவி ஆராய்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஆடுபவர் கைவிளக்கை எடுத்த நொடியிலிருந்து லிசா அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டப்பட்டிருக்கிறாள். திரும்பினால் அவளும் சேர்ந்து திரும்புவதால் கண்ணில் படமாட்டாள். அவ்வப்போது சுவரில் விழும் விளங்காத நிழலுக்கும் அருகில் கேட்கும் மூச்சுக்கும் காரணம் ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. குற்றவுணர்ச்சி இருக்கும் இடத்தை இதைவிடத் துல்லியமாக ஒரு வீடியோ கேம் குறித்ததில்லை என்று சொல்லலாம்.

ஒரு நெருடலும் இங்கே உண்டு. லிசாவைக் கொலையுண்ட மனைவியாகவே பலர் கொள்கிறார்கள். அப்படியானால் சாகடிக்கப்பட்டவள் அரக்கியாகிறாள், சாகடித்தவனின் கண்கள் நமக்குக் கிடைக்கின்றன. திகில் கதைகளின் பழைய அநீதி இது. தான் கொன்றவளைக் கண்டு அஞ்சும் மனத்துக்குள் நின்று பார்த்தால் அவள் இப்படித்தான் தெரிவாள் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதில் பாதிதான் செல்லும், ஏனென்றால் லிசாவின் பக்கத்தைக் கேட்க ஆட்டம் ஒரு கதவைக்கூடத் திறந்துவைக்கவில்லை.

இருந்தாலும் மனநோயாளிகளையே பேயாக்கும் ஆட்டங்களோடு இதைச் சேர்க்க முடியாது. 2013-இல் வந்த 'அவுட்லாஸ்ட்' ஒரு மனநல விடுதிக்குள் ஆடுபவரை அனுப்பி, அங்குள்ள நோயாளிகளிடமிருந்து தப்பியோட வைத்தது. அதற்கு நேர் எதிரான பாதையில் போனது, 2017-இல் பிரிட்டனின் நிஞ்சா தியரி வெளியிட்ட 'ஹெல்பிளேட்'. அதன் நாயகி செனுவா உளப்பிறழ்வால் காதில் குரல்கள் கேட்பவள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவர் பால் ஃபிளெச்சரின் ஆலோசனையோடும், குரல்கள் கேட்கும் அனுபவமுள்ளவர்களின் உதவியோடும் அது உருவானது. இரு காதுகளுக்கும் தனித்தனியே பதிவான குரல்கள் ஹெட்போனில் தலையைச் சுற்றி வருகின்றன. சில குரல்கள் ஏளனம் செய்யும், சில எச்சரித்துக் காப்பாற்றும். ஆனால் அது பல மணி நேர ஆட்டம், அதற்கு ஒரு பயணமும் கதையும் தேவைப்பட்டன. 'பி.டி.'க்கு ஒரு வீடு போதுமாக இருந்தது.

கொனாமியே 2024 ஜனவரியில் 'சைலன்ட் ஹில்: தி ஷார்ட் மெசேஜ்' என்ற இலவசக் குறு ஆட்டத்தைத் தந்தது. இறந்த தோழியைத் தேடிக் கைவிடப்பட்ட அடுக்குமாடிக் கட்டடத்தில் அலையும் அனிதா என்ற பெண், சமூக ஊடகம், தற்கொலை எண்ணம் என அதன் கருவும் கனமானதே. ஆனால் அனிதா என்ன நினைக்கிறாள் என்பதை அனிதாவே சொல்லிவிடுகிறாள். கண்டுபிடிக்க மிச்சம் வைக்காத இடத்தில் அச்சமும் அதிக நேரம் தங்குவதில்லை.

'சைலன்ட் ஹில்ஸ்' வெளிவரவேயில்லை. 2015 ஏப்ரலில் கொனாமி அதைக் கைவிட்டது, அதே மாதம் 29 அன்று 'பி.டி.'யை பிளேஸ்டேஷன் கடையிலிருந்தும் எடுத்தது. அதே ஆண்டு இறுதியில் கோஜிமா கொனாமியை விட்டு விலகினார். ஆட்டத்தை முன்பே இறக்கி வைத்திருந்த பழைய கருவிகள் இணைய ஏலத்தில் பல மடங்கு விலை கேட்டன. கருவியில் உள்ளதைச் சுத்தமாக அழித்துவிட்டு விற்றால் அதற்கு மதிப்பில்லை. உள்ளே அந்த நடைவழி அப்படியே இருந்தால்தான் விலை.