மிதவையில் இருப்போர்க்குரிய காற்செட்டை

கனடாவிலே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக் கம்லூப்ஸ் நகரில் வேலைபார்க்கும் மகன் அனுப்பிய நிழற்படமொன்றைக் கண்டு மனங்கலங்கிய வாசகியொருவர் நமக்கு எழுதியுள்ளார். ஏரியின் நடுவே, காற்றடைத்த மிதவையொன்றில் மகன் வீற்றிருக்கின்றானாம். கையில் தூண்டிற்கோல், கால்களிரண்டும் நீருள், துடுப்பில்லை, யந்திரமில்லை. “காலில் மாட்டிய செட்டையே போதும் என்கின்றான். அதை நம்பியா அவன் கரைக்கு மீளவேண்டும்?” என்பது அவ்வம்மையாரின் வினா.

ஆம், அதை நம்பியே மீளவேண்டும். ஆதலினாற்றான் அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை இவ்வாரம் எழுத எடுத்துக்கொண்டோம். மாணவர்க்கும் இதிற் பயனுண்டு. நெம்புகோலைப்பற்றிப் பாடசாலையிற் படித்ததெல்லாம் இங்கே முழங்காலில் வந்து நிற்கக் காண்பர்.

லொறி ரியூப்பிற் காற்றடைத்து அதன்மேற் கிடந்து நீந்தும் பிள்ளைகள் நம்மூர்க் குளங்களிலும் உளர். மேல்நாட்டுத் தூண்டிற்காரர் அத்தகைய ரியூப்பின் நடுவே துணியாலான இருக்கையொன்றை அமைத்து அதில் இருந்துகொண்டனர். இப்பொழுது உறுதியான துணியுறைக்குள்ளே காற்றுப்பைகளை வைத்துச் செய்கின்றனர். முழுவட்டமாயிருந்த வடிவமும் மாறி, முன்புறம் திறந்த லாடவடிவ மிதவைகள் பெருகிவிட்டன. படகு வைத்திருக்க வசதியற்றவனும், படகை இழுத்துச் செல்லப் பாதையில்லாத மலையேரியை நாடுபவனும் இதனை முதுகிற் சுமந்து செல்லலாம். கம்லூப்ஸைச் சூழ்ந்த மேட்டுநில ஏரிகளும், அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திலுள்ள ஹென்றி ஏரியும் இத்தகைய மீன்பிடிக்குப் பேர்போனவை. அங்கு நாடப்படுவது பெரும்பாலும் ட்ரவுட் என்னும் நன்னீர் மீன். மீன் மிரளாதவண்ணம் அணுகலாம். இரு கைகளும் தூண்டிலுக்கே உரியவாகும். ஓட்டும் வேலை முழுவதும் கால்களைச் சாரும்.

ஓட்டும் முறையோ விந்தையானது. இருந்தபடியே கால்களை முன்னோக்கி உதைத்தால் மிதவை பின்னோக்கிச் செல்லும். செல்லுமிடத்திற்கு முதுகைக் காட்டியே பயணஞ் செய்து, இடையிடையே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனிச் செட்டைக்கு வருவோம். பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவனாயிருந்தபோது, ஓவியர் வண்ணங் குழைக்கும் தட்டைப் போன்ற நீள்வட்டப் பலகைகள் இரண்டு செய்து, பெருவிரல் நுழையத் துளையிட்டு, கைகளிற் பற்றி நீந்தினார். வேகம் கூடிற்று, மணிக்கட்டு நொந்தது. பாதங்களுக்கும் பலகை கட்டிப் பார்த்தார். அது மனநிறைவு தரவில்லை எனப் பிற்காலத்திற் கடிதமொன்றிற் குறித்துள்ளார். நீரை மிகுதியாகத் தள்ளும் கருவி மூட்டை நோகச் செய்யும் என்பதை அச்சிறுவர் அன்றே கண்டுகொண்டார். றப்பர்ச் செட்டைக்கு 1933இற் காப்புரிமை பெற்றவர் லூயி த கோர்லியு என்ற பிரெஞ்சுக்காரர். 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிற் பாய்மரப் படகோட்டத்திலே தங்கப்பதக்கம் வென்ற அமெரிக்கரான ஓவன் சேர்ச்சில், 1940ஆம் ஆண்டளவில் அதனைத் தம் நாட்டிற் பரப்பினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கடற்படைச் சுழியோடிகளின் கால்களில் அது ஏறிற்று. நம் நாட்டிலே, 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டது பலரும் அறிந்த செய்தி. அத்தகைய சுழியோடிகளுக்கென வளர்ந்த செட்டையே இன்றும் கடைகளிற் பெரும்பான்மையாய்த் தொங்குவது.

இடர் அங்கேதான் தொடங்குகின்றது. சுழியோடி நீரிற் கிடையாய்க் கிடக்கின்றான். அவன் உதை இடுப்பிற் பிறந்து, தொடைவழி இறங்கி, பாதத்தில் முடிகின்றது; உடலின் மிகப் பெரிய தசைகள் அவ்வுதைக்கு உதவுகின்றன. மிதவையிலிருப்பவனுக்கோ தொடை இருக்கையில் ஊன்றிக் கிடப்பதால், உதை பெரும்பாலும் முழங்காலிலிருந்தே புறப்படல் வேண்டும். பாதத்திற்கப்பால் தட்டையாய் நீளும் பாகத்தை அலகு என்போம். அலகு நீள நீள, நீரின் எதிர்ப்பு மூட்டிலிருந்து தொலைவிற் சென்று தாக்கும். நீர் நிறைந்த வாளியை மார்போடணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டிலேயே சோதித்தறியலாம். வாளி ஒன்றுதான், நீரும் அதே அளவுதான். தோள்தான் இரண்டாம் முறை முறையிடும். சுழியோடியின் நீண்ட செட்டையை அணிந்து மிதவையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தவனின் முழங்காலும் அவ்வாறே முறையிடும்.

ஆகவே, நீளங் குறைந்து அகலம் மிகுந்த அலகே மிதவைக்கு ஏற்றது என்பது நம் கருத்து. ஆயின் மிகக் குறுகியதை நாடுவதும் பிழை. கடலலையில் விளையாடுவோர் அணியும் மிகச் சிறிய செட்டை, அமைதியான நீரிற் போதுமாயினும் காற்றெழுந்தபோது கைவிட்டுவிடும். விறைப்பையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அலகின் நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்துக. துணிபோல் மடியுமாயின் அது நீரைத் தள்ளாது, நீருக்கு வழிவிடும். மரப்பலகைபோல் நிற்குமாயின் கெண்டைக்காற் தசை இழுத்துக்கொள்ளும். வளைந்து, கையை எடுத்ததும் தானே நிமிர்வதே வேண்டப்படுவது. மீன்வால்போற் பிளவுபட்டு, பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பொருளால் வார்க்கப்பட்ட குறுஞ்செட்டைகளும் உள. விலை அதிகந்தான். முழங்காலில் முன்னரே நோவுள்ளவர் அவ்விலையைப் பொருட்படுத்தல் ஆகாது. மற்றையோர்க்கு அது கட்டாயமன்று.

மிதவையின் வடிவத்தையும் மறத்தலாகாது. பழைய வட்ட மிதவையிற் கால்கள் ஆழத்தில் தொங்கும். முன்புறம் திறந்த புதிய வகையில் இருக்கை உயர்ந்திருப்பதால், பாதங்கள் நீரின் மேற்பரப்புக்கு அணித்தாய் வரும். நீண்ட அலகு அங்கே நீரைக் கிழித்துச் சளசளக்கும். மிரளாது அணுகுவதற்கென்றே மிதவையை வாங்கியவன், இவ்வோசையால் மீனை எச்சரித்து அனுப்புவானேன்?

கடையிற் பலர் தவறுமிடம் பாதப்பையின் அளவு. குளிர்நாட்டு ஏரியில் வெறுங்காலோடு இறங்குவாரில்லை. நெஞ்சுவரை ஏறும் நீர்புகா உடை, அதன் அடியில் தடித்த நியோப்பிறீன் காலுறை, அதன்மேற் சப்பாத்து, அச்சப்பாத்தின்மேலே செட்டை. நாள்தோறும் அணியும் சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்லிச் செட்டை வாங்குபவன் வீட்டுக்கு வந்தே வருந்துவான். ஏரியில் அணியப்போகும் சப்பாத்தையும் காலுறையையும் கடைக்கே கொண்டுசென்று, அவற்றோடு மாட்டிப் பார்த்தல் வேண்டும். குதிக்கால் மூடிய வகை வெறுங்காலுக்குரியது, இதற்கு உதவாது. குதிக்கால் திறந்து, பின்னே வாரால் இறுக்கும் வகையே தக்கது. பை மிக இறுகினால் விரல்களிற் குருதியோட்டங் குன்றிக் குளிர் விரைவில் ஏறும். மரத்துப்போன பாதம் உதைக்காது. தளர்ந்தாலோ கரையோரச் சேற்றில் முதலடியிலேயே செட்டை கழன்று அங்கேயே தங்கிவிடும். வாரின் கொளுக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பார்க்கவும். விறைத்த விரல்களால், நீருக்கடியிற் பாராமலே கழற்றவேண்டிய வேளை வரும்.

பாரமான றப்பர்ச் செட்டை நெடுநாள் உழைக்கும். ஆனால் கழன்றால் அமிழ்ந்துவிடும். மிதக்கும் வகை கழன்றாலும் கைக்கெட்டும். காலையும் சற்றே தாங்கி இளைப்பாற்றும். எவ்வகையாயினும் சிறு கயிறொன்றாற் கணுக்காலோடு பிணைத்துக்கொள்ளல் நன்று. சில ரூபா பெறாத அக்கயிற்றை வீணென்போர், ஒற்றைச் செட்டையோடு ஏரி நடுவே நிற்கும் நிலையை எண்ணிப் பார்ப்பாராக. ஒரு காலால் உதைக்க உதைக்க மிதவை செக்குமாடுபோல் வட்டமிடும், கரை அணுகாது.

அம்மையார் மகனுக்கு எழுதும்போது காற்றைக் குறித்து அழுத்தி எழுதுவாராக. சோளகக் காற்றில் தோணி படும் பாட்டை நம் கரையோர மக்கள் அறிவர். மிதவையோ தோணியினும் இலேசானது. இருப்பவனின் முதுகும் மிதவையின் பக்கங்களும் சேர்ந்து பாய்போற் காற்றை வாங்கும். மேட்டுநில ஏரிகளிற் காலையில் கண்ணாடிபோற் கிடக்கும் நீர், நண்பகலுக்குப்பின் திடீரெனக் கொந்தளிப்பதுண்டு. எனவே புறப்படும்போதே காற்றை எதிர்த்து உதைத்துச் செல்லல் வேண்டும். களைத்தபின் காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசும் நாளில், போகும்போது கால் நோவதேயில்லை. திரும்பும்போதுதான் செட்டையின் குணமும் காலின் வலுவும் தெரியவரும். அத்தகைய நாளிற் கரையோரமாகவே இருத்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கிக்குச் செட்டை ஈடாகாது. தூண்டிலை மறந்தாலும் அதனை மறவாதிருக்கச் சொல்லுக. குளிர்நீர் வல்ல நீச்சற்காரனையும் சில நிமிடங்களிற் செயலிழக்கச் செய்யும். ஊதுவதற்கு விசிலொன்றும், கூடச் செல்லும் நண்பனொருவனும் இருத்தல் நலம்.

செட்டையணிந்து தரையில் முன்னோக்கி நடக்க முயல்பவன் அலகு தட்டி விழுவான். இடுப்பில் மிதவையோடு ஆழமற்ற நீரில் விழுந்தவன் எழுவது கடினம். ஆதலால் நீரோரத்தில் அமர்ந்து மாட்டிக்கொண்டு, பின்புறமாக நடந்தே இறங்குதல் வழக்கம். நடக்கும்போது அலகை மேலே மடிக்கத்தக்க கீல் வைத்த செட்டைகளும் விற்கின்றனர். கற்கள் மலிந்த கரைகளுக்கு அவை நல்லன. கீலிற் சேறும் மணலும் புகாமற் கழுவுவார்க்கு மட்டுமே.

முதல்நாள் தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டு, கரையோரமாக அரைமணி நேரம் உதைத்துப் பழகுதல் போதும். பெரிய உதை வேண்டாம். நடைபோலச் சிறுசிறு உதைகள் மாறி மாறி அமைதல் வேண்டும். தொடை களைத்தால் அது பழக்கமின்மையால் வந்தது. சில நாளில் மாறும். முழங்காலின் முன்பக்கம் குத்தி நோவுமாயின் அது அலகு மிகையென்பதற்கு அறிகுறி. பொறுத்துப் பழகலாமென்று எண்ணாது செட்டையை மாற்றுக. வீடு திரும்பியபின் நன்னீரிற் கழுவி, நிழலிற் படுக்கவைத்து உலர்த்துக. சுவரிற் சாத்தி நுனியில் நிறுத்தி வைத்தால் அலகு வளைந்து, அவ்வளைவு அப்படியே நிலைத்துவிடும்.