மருந்துப் பிழையும் தலைவிதியும்

நமது கிராமங்களில் ஒருவர் மருந்து மாறிச் சாப்பிட்டுச் செத்துப்போனால், "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாடை கட்டிவிடுகிறார்கள். யார் எழுதிய சீட்டு, யார் கொடுத்த மாத்திரை என்று கேட்பாரில்லை. கேட்கவொட்டாமல் செய்வதுதான் தலைவிதி என்னும் புரட்டு.

2017-இல் உலகச் சுகாதார நிறுவனம், மருந்துப் பிழைகளால் நேரும் பெருந்தீங்குகளை 5 ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டுமென்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. தலைவிதியானால் அதைப் பாதியாகக் குறைப்பது எப்படி?

பாகூரில் நடவு நடும் ஒரு பெண்ணுக்கு முடக்குவாதம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே கொடுப்பார்கள். மருந்துக்கடையில் அவசரத்தில் "தினம் சாப்பிடு" என்று சொல்லிவிட்டால், வாய் புண்ணாகி, இரத்தம் ஊறுவது குன்றி, உயிருக்கே ஆபத்தாய் முடியும். தவறு தெரிந்தவுடன் மருந்தாளுநர் அவள் வீட்டுக்கு ஓடி, "அம்மா, நான் தவறாகச் சொல்லிவிட்டேன்; மாத்திரையை நிறுத்துங்கள், இப்போதே டாக்டரிடம் போவோம்" என்றால் அவள் பிழைக்கக்கூடும். பயந்து வாயை மூடிக்கொண்டாலோ, அவள் வீட்டார் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

ஆகவே, மருந்தியல் மாணவர்களுக்கு இரசாயனத்தைப்போலவே இந்தப் பேச்சையும் கற்பிக்க வேண்டும். 2008-இல் 6 வருஷப் பார்ம்-டி படிப்பு வந்தது. 2015-ஆம் வருஷத்து மருந்தியல் தொழில் விதிகள், மருந்து வாங்குவோருக்கு விளக்கம் சொல்வதைக் கடமையாக்கின. ஆனால், தன் தவறைத் தானே சொல்லும் துணிவு விதியைப் படித்தால் வராது, பழகினால்தான் வரும். ஒரு மாணவன் நோயாளியாகவும், மற்றொருவன் மருந்தாளுநனாகவும் உட்கார்ந்து, நடந்தது என்ன, இப்போது செய்ய வேண்டியது என்ன, இனி நேராதிருக்க வழி என்ன என்பதை வில்லியனூர்ச் சந்தையில் பேசும் தமிழிலேயே சொல்லிப் பழக வேண்டும். சொன்னவனை ஏசித் துரத்தினால் அடுத்தவன் மறைப்பான். எனவே, மறைப்பவனையே தண்டிக்க வேண்டும். தவறை ஒப்புக்கொள்வது சுயமரியாதைக்கு இழுக்கல்ல, மறைப்பதே இழுக்கு.

தோழர்களே! நீங்களும் வெள்ளை அங்கியைப் பூணூலாக்கி விடாதீர்கள். விபூதி வாங்குவதுபோல் மாத்திரைக்குக் கை நீட்டாதீர்கள். இது எதற்கு, எத்தனை, எத்தனை நாள் என்று கேளுங்கள். மருந்தால் கேடு வந்தால், 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசிக்குப் பாமரரும் சொல்லலாம். விதியை நோவதை விட்டு, விசாரிக்கத் தொடங்குங்கள்.