ஓய்வே எடுக்காத ரயிலா? கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்!



மூன்று நாளாக நம் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "ஜப்பானில் ஒரு ரயில் பகலில் இருக்கை வண்டி, இரவில் படுக்கை வண்டி. ஓய்வே கிடையாது. நாம்தான் லீவு லீவு என்று அழுகிறோம்" என்று. கைதட்டியவர்களில் என்னிடம் படித்தவர்கள் பதினோரு பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

ரயில் உண்மைதான். 1967 அக்டோபரில் ஓடத் தொடங்கிய 581 வகை மின்ரயில். இரவில் 'கெக்கோ' என்ற பெயரில் ஷின்-ஒசாகாவிலிருந்து ஹகாட்டாவுக்கு. பகலில் 'மிதோரி' என்ற பெயரில் ஷின்-ஒசாகாவிலிருந்து ஒய்ட்டாவுக்கு. பயணிகள் பெருகினார்கள், வண்டிகளை நிறுத்தி வைக்க இடம் போதவில்லை. அதனால் ஒரே வண்டிக்கு இரண்டு வேலை. அடுத்த ஆண்டே 583 வகையும் வந்து உயெனோ–அவோமோரி தடத்தில் ஓடியது. கெட்டிக்கார யோசனை. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் "ஓய்வே கிடையாது" என்பது தவறு. குறித்த காலத்தில் பணிமனைக்குக் கொண்டுபோய், பாகங்களைக் கழற்றிச் சோதிக்காமல் எந்த வண்டியையும் அங்கே ஓடவிடுவதில்லை. இருக்கையைப் படுக்கையாக்கியதும் மந்திரம் அல்ல, மனிதர்களின் கைகள். வண்டிக்குத் தூக்கம் வராது. அந்தக் கைகளுக்கு உரியவர்களுக்கு வரும். அவர்களைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி உண்டா?

இரண்டு வேலைக்கும் விலை இருந்தது. கீழ்ப்படுக்கை 106 சென்டிமீட்டர் அகலம், தாராளம். நடு, மேல் படுக்கைகளிலோ நிமிர்ந்து உட்கார முடியாது. பகலில் எதிரெதிர் இருக்கை. சாய்க்க முடியாது, திருப்ப முடியாது. மற்ற விரைவு வண்டிகளில் எல்லோரும் முன்னோக்கி அமர்ந்து போக, இதில் பாதிப் பேர் பின்னோக்கிப் போனார்கள்.

1975 மார்ச்சில் ஷின்கான்சென் ஹகாட்டா வரை வந்ததும், இந்த வண்டிகளில் பலவற்றுக்கு வேலை போயிற்று. ரயில்வேயோ கடனில். 1984 முதல் சிலவற்றை வெட்டி ஒட்டி, உள்ளூர் வண்டிகளாக்கினார்கள். தட்டையாக வெட்டிய முகத்தைப் பார்த்து மக்கள் 'ரொட்டி' என்று பெயர் வைத்தார்கள். கதவு 70 சென்டிமீட்டர்தான். காலை நெரிசலில் ஏறி இறங்கப் பெரும்பாடு. இரவும் பகலும் உழைத்ததற்கு அதுதான் பரிசு!

"2017 வரை ஓடியதே ஐயா" என்பீர்கள். ஓடியது, மறுக்கவில்லை. ஆனால் பகல் வேலை படிப்படியாகக் குறைந்து, கடைசிக் காலத்தில் 'கிட்டகுனி' போன்ற இரவு வண்டியாகவும் சிறப்பு வண்டியாகவும்தான் ஓடியது. சுமையை இறக்கிய பிறகும் ஓடிய வண்டியைக் காட்டி, சுமையை ஏற்றச் சொல்லாதீர்கள்.

உங்களில் பலர் இன்று பத்துப் பேருக்கு மேலதிகாரிகள். உங்களிடம் வேலை பார்ப்பவர் ஒருநாள் லீவு கேட்டால் இந்த ரயிலைக் காட்டாதீர்கள், தம்பிகளே. காட்டியே தீருவீர்கள் என்றால், அதன் பணிமனையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் கேட்டது போலவே கேட்பேன்.