காட்டின் தரைக்கும் காவல் வேண்டும்

தமிழகத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த, பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது; காட்டை அளக்கும் முறையில்தான் குறை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தால், இந்திய வன ஆய்வு நிறுவனம் அதைக் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது. தைலமரத் தோப்பும் அதில் அடங்கும். அடியிலுள்ள மண் கிளறப்படாததா, இயந்திரம் புரட்டியதா என்பது அந்தக் கணக்கில் இல்லை. அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாவது, தரையில் வளை தோண்டி வாழும் சிலந்திகளுக்குத்தான்.

நீலகிரியின் ஹாப்ளோகிளாஸ்டஸ் நீல்கிரினஸ் என்ற பெருஞ்சிலந்தியை 1899-இல் விலங்கியலாளர் போகாக் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இவ்வகைப் பெண் சிலந்திகள் வளையின் உட்சுவரில் இழை பூசி, வாயிலில் காத்திருந்து இரை பிடிக்கின்றன. இணை தேடி அலைவது ஆண் மட்டுமே. பல வலைச் சிலந்திகளின் குஞ்சுகள் நூலைப் பற்றிக் காற்றில் தொலைவு போகும். இவற்றின் குஞ்சுகளோ பெரும்பாலும் நடந்தே போய்த் தாய்க்கு அருகில் குடியேறும். ஆகவே ஒரு சரிவில் அற்றுப்போனால், அங்கு மீண்டும் வந்து சேர்வது அரிது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974 முதல் கண்காணித்த, இவற்றைப் போலவே வளையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்று, 43 ஆண்டுகள் ஒரே வளையில் வாழ்ந்து 2016-இல் இறந்தது. அத்தனை ஆண்டுகள் அந்த மண் கிளறப்படாமல் இருந்ததும் அதற்கு உதவியது.

சிலந்திக்காக மரம் நடுவதை நிறுத்துவதா என்று கேட்கலாம். நிறுத்த வேண்டாம், சரிவு முழுவதையும் பொக்லைன் கொண்டு புரட்டாமல், கையால் குழி வெட்டி நட்டால் போதும். நச்சுப் பிராணியை ஏன் காக்க வேண்டும் என்பாரும் உண்டு. வளையை நோண்டாதவரை அது யாரையும் தேடி வந்து கடிப்பதில்லை. பூச்சிகளை உண்டு அவற்றின் பெருக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது. செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் கிளறிய மேல்மண் ஒரே மழையில் கரைந்து ஓடினால், அதை எந்தச் செலவிலும் உடனே மீட்க முடியாது.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலின் கரைப் புதரானாலும், நீலகிரிச் சோலையானாலும், நடவுக்கு முன் தரையில் என்ன வாழ்கிறது என்று பார்ப்பதை வனத்துறை விதியாக்க வேண்டும். வளைகள் உள்ள மண்மேடுகளைச் சாலைப் பணியும் தவிர்க்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, கிளறாமல் விட்ட நிலத்தின் அளவையும் அரசு ஆண்டுதோறும் வெளியிடட்டும்.