கொசுவை ஒழிக்க கொசு! ஹவாய் மலையில் குருவிகளைக் காப்பாற்ற விநோத போர்

வாரத்துக்கு 10 லட்சம் கொசு. அதையும் காசு செலவழித்து வளர்த்து, ஹெலிகாப்டரிலும் டிரோனிலும் ஏற்றி, காட்டுக்குள் கொண்டு போய்க் கொட்டினார்கள். கொசு மருந்து அடிக்க நகராட்சி ஆள் வரவில்லை என்று மறியல் நடக்கிற நம்மூரில் இப்படி ஒரு செய்தி கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. அங்கே மலைக்காட்டில் மிச்சம் இருக்கும் சில குருவி இனங்கள் பிழைக்குமா, பூண்டோடு போகுமா என்பது இந்த கொசுக்களை நம்பித்தான் இருக்கிறது.

குருவிகளைக் கொல்வது மலேரியா. ஆமாம், பறவைக்கும் மலேரியா உண்டு. ஆனால் மனிதனுக்கு வருவது வேறு கிருமி, பறவைக்கு வருவது வேறு கிருமி. ஒன்றில் இருந்து மற்றதுக்கு தொற்றாது, பயப்பட வேண்டாம். பறவையின் ரத்தத்தில் புகுந்து சிவப்பு அணுக்களை உடைக்கும் அந்த கிருமியின் பெயர் பிளாஸ்மோடியம் ரெலிக்டம். அதைப் பரப்பும் கொசு யார் என்று பார்த்தால், நமக்கு நன்றாகவே தெரிந்த ஆசாமி. சாக்கடையில் முட்டையிட்டு, ராத்திரி வீட்டுக்குள் வந்து கடித்து, யானைக்கால் நோயைப் பரப்புகிற அதே கியூலெக்ஸ் கொசுதான்.

பறவை மலேரியாவுக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று உலகத்துக்கு நிரூபித்த டாக்டர் ரொனால்டு ராஸ், 1898-ல் கொல்கத்தாவில் அதை முழுசாகக் காட்டியது பறவைகளை வைத்துத்தான். நோயுள்ள பறவையைக் கடித்த கொசுவை நல்ல குருவியைக் கடிக்கவிட்டு, அதற்கும் நோய் வருவதைக் காட்டினார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கப்பலில் வந்த சனியன்

ஹவாயில் ஆதியில் கொசுவே கிடையாது. நடுக்கடலில் தனியாகக் கிடந்த தீவுகள். 1826-ல் மாவி தீவின் லஹைனா துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் தண்ணீர் பீப்பாயில் இருந்து கொசுப்புழுக்கள் கொட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதோடு ஆரம்பித்தது வினை. பிறகு வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்து விட்ட பறவைகளின் ரத்தத்தோடு மலேரியா கிருமியும் வந்து சேர்ந்தது.

நம்மூர் காக்கா, மைனாவின் முன்னோர்கள் எல்லாம் காலம் காலமாக இந்த கிருமியோடு மல்லுக்கட்டிப் பழகியவை. ஹவாய் தேன்குருவிகளுக்கு அந்த பழக்கமே இல்லை. 50-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்த குடும்பம், இன்று 17 இனமாகச் சுருங்கி விட்டது. காடு அழிந்தது, எலி முட்டையைத் தின்றது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கடைசி அடி கொசு கொடுத்தது. ஈவி என்று ஒரு சிவப்புக் குருவி, வளைந்த அலகு. அந்த காலத்தில் ஹவாய் அரசர்களின் மேலங்கிக்கு இதன் இறகைத்தான் வைத்துத் தைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நோயுள்ள கொசுவை ஒரே ஒரு தடவை கடிக்கவிட்டதில் 10 ஈவிகளில் 9 செத்துப் போயின.

அப்படியானால் இத்தனை நாள் எப்படித் தப்பித்தது? குளிர்தான் காப்பாற்றியது. கொசுவின் உடம்புக்குள் இந்த கிருமி வளர வெப்பம் வேண்டும். 13 டிகிரிக்குக் கீழே போனால் வளராது. அதனால் 1,500 மீட்டருக்கு மேலே உள்ள காடு கோட்டை மாதிரி இருந்தது. கீழே வாழ்ந்தவை செத்தன, மேலே இருந்தவை பிழைத்தன. இப்போது பூமி சூடாகிறது, கொசு மலை ஏறுகிறது.

மாவியிலாவது ஹலேயகலா மலை 3,055 மீட்டர் இருக்கிறது. கவாய் தீவின் உச்சியே 1,598 மீட்டர்தான். அங்கே உள்ள குருவி இன்னும் மேலே போக வேண்டும் என்றால் ஆகாயத்துக்குத்தான் போக வேண்டும். அந்த தீவின் அகிகிகி என்ற சாம்பல் நிறக் குருவி 2021 கணக்கில் 45 இருந்தது. 2023-ல் 5. அடுத்த வருடம் காட்டில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று. முன்கூட்டியே கூடுகளில் இருந்து முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வைத்ததால், காப்பகங்களில் சில டஜன் பறவைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. அந்த முட்டை எடுப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ரோடு இல்லாத காட்டுக்குள் 12 மீட்டர் ஏணியைத் தூக்கிப் போய், மர உச்சியில் கிளை நுனியில் இருக்கும் கூட்டில் கை வைக்க வேண்டும்.

ஒரே ஒரு முட்டை

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மாவியில் கிவிகியு என்ற பறவை உண்டு. கிளி மாதிரி கொக்கி அலகு, அதை வைத்து மரக்கிளையைப் பிளந்து உள்ளே இருக்கும் புழுவைத் தின்னும். மொத்தமே 150-க்கும் குறைவு. ஒரு ஈட்டுக்கு இது இடுவது ஒரே முட்டை. பொரித்த குஞ்சும் உடனே தனிக்குடித்தனம் போகாது. கிளையைப் பிளக்கிற வித்தையைப் பழக வேண்டுமே! 5 மாதத்தில் இருந்து 18 மாதம் வரை அப்பா, அம்மா பின்னாலேயே சுற்றும். அந்த நேரத்தில் தாயை ஒரு கொசு கடித்தால் அந்த வருடக் கணக்கே போச்சு. கொசுவோ ஒரே ஈட்டில் 100, 200 முட்டை போடும்.

2019-ல் இந்த பறவைக்கு இரண்டாவது வீடு அமைத்துத் தர ஒரு முயற்சி நடந்தது. மாவியின் நகுலா என்ற இடத்தில் வருடக்கணக்கில் மரம் நட்டு காடு வளர்த்தார்கள். காட்டில் பிடித்த 7, காப்பகத்தில் வளர்ந்த 7 என்று 14 பறவைகளைக் கொண்டு போய் விட்டார்கள். சில வாரங்களிலேயே கதை கந்தல். கிடைத்த உடல்களைச் சோதித்தால் மலேரியா. கொசு அவ்வளவு உயரத்துக்கு வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. 2021-ல் ஒரே ஒரு ஆண் பறவை மட்டும் உயிரோடு கண்ணில் பட்டது. மரம் நட்ட உழைப்பில் குறை இல்லை. கொசுவை விட்டுவிட்டு மரத்தை மட்டும் பார்த்ததுதான் குறை.

இன்னொரு பக்கம் அமகிஹி என்ற குருவி. அதே குடும்பம்தான். ஹவாய் பெரிய தீவின் தாழ்வான காடுகளில் கொசுக்கடிக்கு நடுவிலேயே இது கூடு கட்டி வாழ்கிறது. நோய் வந்து பிழைத்துக்கொண்டால் ரத்தத்தில் கிருமி ஆயுசுக்கும் தங்கும். ஆனாலும் இந்த ‘நாள்பட்ட நோயாளி’ ஜோடிகள் குஞ்சு பொரிப்பதில் குறை வைப்பதில்லை என்று ஆய்வில் தெரியவந்தது. வருடத்துக்கு நிறைய குஞ்சு, அதில் தாக்குப்பிடித்தவை மிஞ்சின, அவற்றின் வாரிசும் தாக்குப்பிடித்தன. ஒற்றை முட்டைக்காரனுக்கு அந்த அவகாசம் இல்லை. கொடுமை என்னவென்றால், பிழைத்த அமகிஹியின் ரத்தம்தான் கிருமிக்கு கிடங்கு. அதைக் கடித்த கொசு அடுத்து ஈவியைக் கடிக்கும்.

மருந்து அடித்தால் என்ன?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அடர்ந்த காடு முழுக்க மருந்து அடித்தால் வேறு பூச்சிகளும் சாகும், குருவிக்கு சாப்பாடு போய்விடும். காட்டுப்பன்றிகள் வேறு மரப்பெரணியின் தண்டைக் குடைந்து மாவைத் தின்கின்றன. அந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று கொசு உற்பத்தி ஆகிறது. மலை முழுக்க எத்தனை பள்ளத்தைத் தேடி மூடுவது?

அதனால்தான் இந்த புது வழி. ஆண் கொசு கடிக்காது. ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் வேறு ரகத்தை ஆண் கொசுக்களின் உடம்பில் ஏற்றி வளர்க்கிறார்கள். காட்டில் உள்ள பெண் கொசு இதோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. பெண் கொசு பெரும்பாலும் ஆயுளில் ஒரு தடவைதான் சேரும், அதனால் அதன் வம்சம் அதோடு சரி. (டெங்கு கொசுவுக்கு எதிராக இதே பாக்டீரியாவை வேறு விதமாகப் பயன்படுத்தும் ஆராய்ச்சி நம்ம புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்திலும் நடந்திருக்கிறது.)

2023 நவம்பரில் மாவியில் ஆரம்பித்தார்கள். மக்கும் டப்பாக்களில் கொசுவை அடைத்து ஹெலிகாப்டரில் இருந்து போட்டார்கள். 2025-ல் டிரோனும் வந்தது. அந்த வருடம் மாவிக்கு 5 லட்சம், கவாய்க்கு 5 லட்சம் என்று வாரக்கணக்கு போனது. அரசு பணமும் சும்மா இல்லை. 2023-ல் அமெரிக்க உள்துறை ஒதுக்கியது சுமார் 1.6 கோடி டாலர்.

எதிர்ப்பும் கிளம்பியது. வெளியில் இருந்து கொண்டு வரும் கொசுவால் என்ன ஆபத்து வருமோ என்று வழக்குப் போட்டார்கள். வேலை நிற்கவில்லை. கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் கொசு அந்த தீவின் சொந்தப் பிராணியே இல்லை, அதை நம்பி எந்த ஆதிப்பறவையும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையான சிக்கல் வேறு. இது ஒரு தடவை போட்டு முடிக்கிற தடுப்பூசி இல்லை. கொட்டுவதை நிறுத்தினால் ஓரத்தில் இருக்கும் கொசு மறுபடி உள்ளே வந்துவிடும். பணம் தொடர்ந்து வர வேண்டும்.

கூண்டில் வைத்துவிட்டால் பத்திரம் என்றும் சொல்ல முடியவில்லை. 2023 ஆகஸ்டு 8-ந்தேதி லஹைனா நகரம் எரிந்த அதே நாளில், மாவி மலையில் உள்ள பறவைக் காப்பகத்தின் வாசல் வரைக்கும் வேறொரு காட்டுத்தீ வந்தது. உள்ளே கிவிகியுவும் அகிகிகியும் இருந்தன. ஊழியர்களும் பக்கத்து வீட்டுக்காரரும் தோட்டத்துக் குழாயையும் தீயணைப்புக் கருவியையும் வைத்துப் போராடி அணைத்தார்கள்.

அந்த குருவிகளை மறுபடி காட்டில் விட வேண்டுமானால், முதலில் அங்கே கொசு குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகுலாவில் நடந்ததுதான் திரும்பவும் நடக்கும்.