திண்ணையில் கிடக்கும் சாவி

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கடைசியில் ஆன்டிவைரஸ் ஒன்றையும் பில்லில் சேர்த்து, “இனி ஒண்ணும் பயப்படாண்டாம்” என்று சொல்லி அனுப்புவதும், வாங்கியவர் அதை வேதவாக்காக ஏற்று நிம்மதியாக வீடு திரும்புவதும் சர்வசாதாரணமாகிவிட்டன. இந்த விசுவாசத்துக்கு அஸ்திவாரமே இல்லை என்பது என் கட்சி.

வைரஸைப் பிடிக்க வேண்டிய மென்பொருள் யந்திரத்தின் எந்த மூலையையும் துருவ வேண்டியிருப்பதால், உடைமையாளருக்கே அன்றாடம் கிட்டாத ‘சிஸ்டம்’ என்னும் உச்ச அதிகாரம் அதற்கு அளிக்கப்படுகிறது. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் நெற்பத்தாயத்துச் சாவி குடும்பத் தலைவரான காரணவரின் மடியை விட்டு இறங்காது. நாமோ சாவிக்கொத்தைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, அவன் அதைத் திண்ணையில் போட்டு உறங்குகிறானா என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இது வெறும் கற்பனையன்று. ஸ்பெயின் தேசத்துப் பாண்டா நிறுவனத்தின் ‘ஆன்டிவைரஸ் 2008’ பதிப்பில், உச்ச அதிகாரத்தோடு ஓடும் நிரல்கள் இருந்த கோப்புறையைச் சாமானியப் பயனர் எவரும் திருத்தலாம் என்ற நிலை இருந்தது. வடசேரியில் ஓர் இணைய மையத்தில் அத்தகைய யந்திரத்தின் முன் உட்காரும் பையன், தனக்குக் கட்டுப்படுத்தப்பட்ட கணக்கே தரப்பட்டிருந்தாலும், அந்தக் கோப்புறையிலுள்ள ‘பாவ்எஸ்ஆர்வி51’ என்ற நிரல்கோப்பின் இடத்தில் அதே பெயரில் தன் நிரலை வைத்துவிட்டு எழுந்துபோனால் போதும். மறுநாள் காலை கடை திறந்து யந்திரத்தைப் போட்டவுடன், விண்டோஸ் அந்த வேஷதாரியைத் தானே அழைத்துச் சிம்மாசனத்தில் அமர்த்திவிடும். அப்புறம் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் வங்கிக் கடவுச்சொல்லும் அவன் கையில். இதே வகைக் குறை அந்நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இருந்தது. 2010 பதிப்பிலோ ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு ‘ஃபுல் கண்ட்ரோல்’ என்றே அனுமதி எழுதப்பட்டிருந்தது. ஒருமுறை நேர்வதைப் பிழையென்று மன்னிக்கலாம். மும்முறை நேர்வதற்கு அலட்சியம் என்றே பெயர்.

சுதேசிச் சரக்கு இதற்கு விலக்கு என்றும் எண்ண வேண்டாம். சென்னையின் கே7 நிறுவனத்து மென்பொருளிலும், 14.2.0.253க்கு முந்தைய பதிப்புகளில், கோப்பு அனுமதியால் அல்லாமல் ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி நிரல் ஒன்றின் குறையால், சாதாரணக் கணக்குடையவர் உச்ச அதிகாரத்தைக் கைப்பற்ற இடமிருந்தது.

ஆன்டிவைரஸைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. காவல் வேண்டும், அந்தக் காவலுக்கும் சோதனை வேண்டும். புதுப் பதிப்பு வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுங்கள். வாசகரே, இன்றிரவே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் அந்த மென்பொருளின் கோப்புறையை வலது சொடுக்கி, ‘புராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘செக்யூரிட்டி’ பக்கத்தைப் பாருங்கள். ‘எவ்ரிஒன்’ அல்லது ‘யூசர்ஸ்’ என்ற பெயருக்கு நேரே திருத்தும் உரிமை குறிக்கப்பட்டிருந்தால், பயப்படாண்டாம் என்று சொன்ன கடைக்காரரிடமே யந்திரத்தைக் கொண்டுபோய்க் காரணம் கேளுங்கள்.