இடத்தடம் யாருக்கு?

வழி, நெறி, ஆறு என்னும் சொற்கள் தமிழில் கால் நடக்கும் பாதையையும் குறிக்கும். மனிதன் ஒழுக வேண்டிய முறையையும் குறிக்கும். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வழி கூறி ஆற்றுப்படுத்துவதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மக்கள் நாம். அத்தகைய மொழிக்கு உரியோர் இன்று நான்குவழிச் சாலைகளில் ஊர்தி செலுத்தும் பாங்கினைக் காணுங்கால், சாலை வந்துவிட்டது, நெறி இன்னும் வந்து சேரவில்லை என்றே கூறத் தோன்றுகிறது.

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. மாண்டோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்; இங்கு மட்டும் 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் சாலை நீளத்தில் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கே ஆகும். ஆயினும் சாலையில் மாள்வோருள் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோர் அவற்றில்தான் மாள்கின்றனர். மிகுவேகமே இதற்குத் தலையாய காரணம் என்று அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் கூறி வருகின்றன. மறுப்பதற்கில்லை. எனினும் வேகத்தினும் கொடியது வேக வேறுபாடு. அதாவது 100 கி.மீ. வேகத்தில் வருபவனும் 30 கி.மீ. வேகத்தில் செல்பவனும் நின்றுகொண்டிருப்பவனும் ஒரே தடத்தில் சந்திப்பது. இதனைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

நான்குவழிச் சாலையில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு தடங்கள். இடத்தடம் செல்வதற்கு உரியது. வலத்தடம் முந்துவதற்கு உரியது. முந்தியவர் மீண்டும் இடத்தடத்திற்குத் திரும்பிவிட வேண்டும். இவ்வளவே விதி. நம்மவரோ வலத்தடத்தை 'வேகமாகச் செல்வோரின் தடம்' என்று பொருள்கொண்டு விட்டனர். அப்பொருள் வந்தபின், தம்மை வேகமானவர் என்று எண்ணாதார் யார்? பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியும் அங்கேதான் செல்கிறது; நடுத்திட்டின் அரளிச் செடிக்கு நீர் ஊற்றும் தண்ணீர் லாரியும் அங்கேதான் நிற்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியை 60 கி.மீ. வேகத்தில் செல்லும் மற்றொரு லாரி முந்த முற்படுகிறது எனக் கொள்வோம். இரண்டின் நீளத்தையும், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் 50 மீட்டருக்குக் குறையாது. இதனைக் கடக்க ஏறத்தாழ 40 விநாடிகள் ஆகும். அதற்குள் அந்த லாரிகள் 650 மீட்டர் தூரம் ஓடியிருக்கும். அவ்வளவு நேரமும் இரு தடங்களும் அடைபட்டுக் கிடக்கும். பின்னால் 100 கி.மீ. வேகத்தில் வரும் கார், தொடக்கத்தில் 400 மீட்டருக்கு மேல் தொலைவில் இருந்திருப்பினும், அதற்குள் லாரியின் முதுகைத் தொட்டுவிடும். செருமானியர் இக்காட்சிக்கு 'யானைப் பந்தயம்' என்று பெயரிட்டுள்ளனர். பொருத்தமான பெயர்தான், அங்காவது பந்தயம் முடிந்ததும் யானை ஓரம் போய்விடுகிறது. இங்கே முந்தி முடித்த லாரியும் வலத்தடத்திலேயே குடியிருக்கிறது. பொறுமையிழந்த கார் இடப்புறமாக முந்துகிறது. அங்கே விளக்கின்றி நிற்கும் ஒரு லாரியோ, எதிர்த்திசையில் ஓரமாக வரும் ஒரு மொபெட்டோ இருக்குமாயின், மறுநாள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி.

இதற்கு லாரி ஓட்டுநரின் செருக்கே காரணம் என்று காரில் செல்லும் படித்தவர்கள் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். நாம் அத்தீர்ப்பை ஏற்க இயலாது. சென்னையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் சாலையில் திண்டிவனம் தாண்டிய பின் ஓர் இரவில் இடத்தடத்தை மட்டும் உற்று நோக்குக. தேநீர்க் கடைக்கு எதிரே பாதித் தடத்தை அடைத்து நிற்கும் லாரிகள். பயணியை இறக்கச் சட்டென நிற்கும் பேருந்து. பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர். அடுத்த திறப்பு வரை சென்று சுற்றிவர மனமின்றி எதிர்த்திசையில் வரும் இருசக்கர ஊர்தி. 20 டன் சுமையுடன் வருபவர் இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டு பிரேக்கை மிதித்தால், ஊர்தி நினைத்த இடத்தில் நில்லாது. வலத்தடத்திலோ அரளிச் செடி குறுக்கே ஓடிவருவதில்லை. ஆகவே அவர் அங்குப் போகிறார். அது செருக்கன்று, அச்சம். பழைய இருவழிச் சாலையில் விளிம்பு உடைந்திருந்தமையால் நடுவே ஓட்டிப் பழகிய கைகள் அவை என்பதையும் மறத்தலாகாது.

எதிர்த்திசையில் வருபவரையும் முழுதாகக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவருடைய ஊரை இரண்டாகப் பிளந்து சாலை போட்டவர்கள், வயலுக்கும் வீட்டுக்கும் இடையே அவர் சென்றுவர அணுகுசாலை அமைக்கவில்லை. பால்குடத்துடன் இரண்டு மூன்று கி.மீ. சுற்றி வா என்று பலகை வைத்தால் எத்தனை பேர் சுற்றி வருவர்? உளுந்தூர்ப்பேட்டை-சேலம் சாலையை நான்குவழியாக்கியபோது, ஊர்களின் புறவழிப் பகுதிகள் மட்டும் இருவழியாகவே விடப்பட்டன. நான்குவழியில் எதிர்ப்படுவார் இன்றி வந்த ஓட்டுநர், சட்டென்று எதிர்விளக்கைச் சந்தித்தார். அச்சாலையில் நேர்ந்த மோதல்களை ஓட்டுநரின் கவனக்குறைவு என்று மட்டும் எழுதி முடித்துவிடுதல் நீதியாகுமா?

இனி, குறிகாட்டும் விளக்கின் கதை. முன்னே செல்லும் லாரியில் வலப்பக்க இண்டிகேட்டர் ஒளிர்ந்தால், 'யான் வலப்புறம் திரும்புகிறேன்' என்பதும் பொருள். 'நீ என்னை முந்திச் செல்லலாம்' என்பதும் பொருள். ஒன்று நம்மைத் தடுப்பது, மற்றொன்று நம்மை அழைப்பது. சிலேடை காளமேகத்திற்கு அழகு, சாலைக்கு ஆகாது. பழுதாகி நின்ற லாரியின் பின்னே எச்சரிக்கையாகக் கல்லும் மரக்கிளையும் வைக்கிறார்கள். பழுது நீங்கியதும் ஊர்தி போய்விடுகிறது. கல் அங்கேயே கிடக்கிறது. வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈகையே என்னும் நபிமொழியை இளமையிலேயே ஓதி அறிந்தோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் எத்தனை பேர் இறங்கி அக்கல்லை எடுத்திருப்பர்? நான்குவழிச் சாலையில் இறங்குவதே உயிருக்கு இறுதியாகலாம் என்பதும் உண்மைதான்.

மேனாட்டார் பிறவியிலேயே ஒழுங்குடையோர் என்ற மயக்கமும் நமக்கு வேண்டாம். நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் இங்கிலாந்தில், முதல் மோட்டார்வே பிரஸ்டன் நகரின் புறவழியாக 1958 டிசம்பரில் திறக்கப்பட்டது. மூன்று தடங்கள் உள்ள சாலையில் வலக்கோடித் தடத்தில் பெருஞ்சுமை லாரிகள் செல்லலாகாது என்று அங்கு விதி உண்டு. அவர்களுடைய நோய் வேறு. இடத்தடம் வெறுமையாகக் கிடக்க, நடுத்தடத்தைப் பற்றிக்கொண்டு விடாமல் செல்வோர் அங்கு மிகுதி. இதற்கென அவ்விடத்திலேயே 100 பவுன் தண்டமும் உரிமத்தில் மூன்று குற்றப்புள்ளிகளும் விதிக்கும் அதிகாரம் காவலர்க்கு வழங்கப்பட்டது 2013 ஆகஸ்டில்தான். முதற்சாலை திறந்து 54 ஆண்டுகள் சென்றபின்! ஓட்டப் பழகுவோர் பயிற்சியாளருடன் மோட்டார்வேயில் ஓட்டிப் பார்க்க இசைவு பெற்றது 2018 ஜூனில். பழக்கம் தானாக வருவதன்று. கற்பிக்கப்பட வேண்டும், கண்காணிக்கப்பட வேண்டும் என்பதற்கு அந்நாடே சான்று.

நம் நாட்டில் கற்பித்தல் எந்நிலையில் உள்ளது? உரிமம் பெற 'எட்டு' போட வேண்டும். மெதுவாக வளைந்து வளைந்து ஓட்டும் அத்திறன் சந்தைத் தெருவில் பயன்படும். அணுகுசாலையிலிருந்து நெடுஞ்சாலையில் கலப்பது எப்படி, கண்ணாடியில் பார்த்துத் தடம் மாறுவது எப்படி, முந்தியபின் எப்போது இடப்புறம் திரும்புவது என்பவற்றுள் ஒன்றையும் எட்டு சோதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஆம்புலன்சுக்கு வழிவிடாதார்க்கு 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்துள்ளது. வழிவிட எண்ணுவோரும் எப்பக்கம் விடுவது என்றறியாமல் ஒருவர் இடமும் ஒருவர் வலமும் ஒதுங்கி வழியை அடைத்துவிடுகின்றனர். உள்ளே மூச்சுத் திணறும் நோயாளிக்கு இது எவ்வாறு பயன்படும்?

செய்யக்கூடியது என்ன என்பதற்கு அண்டை மாநிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்டு 1 முதல் இருசக்கர ஊர்தி, ஆட்டோ, டிராக்டர் ஆகியன தடை செய்யப்பட்டன. எளியோரின் ஊர்திகளை விலக்குவது முறையா என்ற வினா அப்போது எழுந்தது. வினா நியாயமானதே. ஆயினும் அங்கே பக்கத்தில் அணுகுசாலை இருந்தமையால் தடையைக் கடைப்பிடிக்க முடிந்தது. அணுகுசாலை இன்றித் தடை மட்டும் போடுவது எளியோர்க்கு இழைக்கும் கொடுமையாகவே முடியும்.

வலத்தடத்தில் செல்லும் லாரிகளுக்குத் தண்டம் விதிக்க வேண்டும் என்ற குரல் இன்று ஓங்கி ஒலிக்கிறது. நாமும் அதற்கு உடன்படுகிறோம், ஒரு நிபந்தனையுடன். திண்டிவனத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே ஒரு திங்கள் மட்டும், இரவில் இடத்தடத்தில் ஒரு ஊர்தியும் நில்லாதபடி சுங்கச்சாவடியின் சுற்றுக்காவல் ஊர்திகளும் காவல்துறையும் பார்த்துக்கொள்ளட்டும். தேநீர் அருந்த நிறுத்துவோர்க்குச் சாலையை விட்டு விலகி இடம் ஒதுக்கட்டும். அதன்பின்பும் வலத்தடத்தை விடாத லாரி எதுவோ, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.